மெயினை இறக்கிய ஆயுத பூஜை

திருக்கோகர்ணத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் மூலையிலிருக்கும் ஒன்றில் மட்டும் இருக்கும்; மற்ற மூன்றிலிருந்தும் அதே ஃபைலைத்தான் திறந்து எழுதுவோம். யாராவது எழுதும்போது மூலை கம்ப்யூட்டர் சட்டென்று நின்றால் ஃபைல் பாழாகிவிடும். இது எனக்கு இரண்டே மாதத்தில் புரிந்தது. எங்கள் மேனேஜருக்குப் பன்னிரண்டு வருடமாக மண்டையில் ஏறவில்லை.

நானே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். மர ஸ்கேல் யார் மேஜையில் இருக்கிறதோ அவர்தான் ஃபைலைத் திறக்கலாம். மூடிய பிறகே ஸ்கேல் கைமாறும்.

"இது ஆபீசா, அஞ்சாங்கிளாஸாம்மா?" என்று மேனேஜர் சிரித்தார். யூ.பி.எஸ். பேட்டரி செத்துவிட்டது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அதற்கும் சிரிப்புதான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஸ்கேல் என்னிடம் இருந்தது. பட்டியலில் ஒரு பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"மெயின அணைங்க. சாமி கும்புடுறப்ப மிஷின் ஓடக் கூடாது."

"ஒரு நிமிசம் இருங்க சார், மூடிர்றேன்."

"நல்ல நேரம் முடியப் போகுதும்மா" என்றவர் தானே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். நான்கு திரையும் இருண்டன. மூலை கம்ப்யூட்டருக்குத்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டு.

விடுமுறை முடிந்து திறந்தால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் நான் எடுத்து வைக்கும் நகலைப் போட்டு மீட்டேன். அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்களில் மற்றவர்கள் ஏற்றியது அதில் இல்லை.

"அட்மிஷன் ரிஜிஸ்டரோட ஒருக்கா ஒத்துப் பாத்துட்டு அனுப்புவோம் சார்" என்றேன்.

நான் சாப்பிட்டு வருவதற்குள் பட்டியலைத் தேர்வுத் துறைக்கு அனுப்பியே விட்டார். "எல்லாம் நான் பாத்துட்டேம்மா" என்றார். அந்த வார்த்தையை நம்பினேன் பாருங்கள், அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது.

ஹால் டிக்கெட் வந்தபோது ஒரு பெண்ணுக்கு மட்டும் இல்லை. விராலிமலையிலிருந்து பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவள். அவள் பெயரை ஏற்றியது பூஜைக்கு முந்தைய திங்கட்கிழமை; சனிக்கிழமை நகலில் அது இல்லை.

வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அவள் அம்மாவிடம், "கம்ப்யூட்டர் பண்ண தப்பும்மா, நாங்க என்ன செய்ய?" என்றார் மேனேஜர்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலைங்க. எழுதிக்கிட்டு இருக்கையில சார்தான் மெயின இறக்குனாரு. ரிஜிஸ்டரப் பாக்காம அனுப்புனதும் அவருதான்" என்று அந்த அம்மா முன்னாலேயே சொன்னேன். எனக்கு மெமோ கிடைத்தது. அவருக்கு ஒன்றுமில்லை.

கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தும் அந்த ஏப்ரலில் அவளால் பொதுத்தேர்வை எழுத முடியவில்லை. சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் உட்கார்ந்தவள், துணைத் தேர்வில் தனித்தேர்வராக எழுதித் தேறினாள்.

அவள் எழுதிய தேர்வு மையமும் எங்கள் பள்ளிதான்; சான்றிதழையும் மையத்தில்தான் தருவார்கள். சான்றிதழ் வாங்க அவள் வந்த அன்று மறுபடியும் ஆயுத பூஜை. இந்த முறை எல்லோரும் ஃபைலை மூடி, நகல் எடுத்து, மூலை கம்ப்யூட்டரை நானே முறையாக நிறுத்திய பிறகுதான் சந்தனத்தை உள்ளே விட்டேன். புது பேட்டரிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

மேனேஜர் தாராளமாகப் பொரிப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

"நீ எந்த கிளாஸும்மா?"

அவள் கையிலிருந்த சான்றிதழைக் குனிந்து பார்த்தாள்.

"தனித்தேர்வருங்க சார்" என்றாள்.