நரிவாலை விதைத்தது யார்?

புல் வெட்டுகிறவனை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அவனும் யாரையும் நம்ப மாட்டான். சிங்கப்பூரில் பதினெட்டு வருடமாகப் புல்வெட்டு லாரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கீழே மூன்று பேர். நாள் முழுக்க வெயிலில் காய்ந்துவிட்டு, மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து "சரியா வெட்டல" என்று பேச்சு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பூன் லே: வெள்ளைக் கார்

இந்தப் பேட்டையில் வாய்க்கால் கரை முழுக்க நரிவால் புல். கதிர் பஞ்சு வால் மாதிரி ஆடும். உரசினால் காலுறையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். கரையை ஒட்டியே கார் நிறுத்துமிடம். அதனால் மெஷின் ஓடும்போது கல் தெறிக்காமல் இருக்க, இரண்டு பேர் நீளமான வலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நாலு மாதத்துக்கு முன் இந்தக் கரை எங்கள் கைக்கு வந்தது; அதே வாரம் பழனிவேலும் எங்கள் லாரிக்குப் புதிதாக வந்து சேர்ந்தான். புதுக்கோட்டைப் பக்கம். முதல் வாரமே வேலை முடிந்ததும், "வலையைக் கழுவிடவா அண்ணே?" என்று கேட்டான். நேரமில்லை, சுருட்டி லாரியில் போடு என்றேன். அடுத்த இடத்து வேலையிலிருந்து நழுவப் பார்க்கிற ஆள் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குள் வெள்ளைக் கார்க்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லையே சார் என்றேன். இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு அவர் சொன்னார்: "இல்லன்னு சொல்லாதீங்க லா. நான் இன்னும் கண்டுபிடிக்கலன்னு சொல்லுங்க."

சுவா சூ காங்: புறா

பூன் லேயை முடித்துவிட்டு நாங்கள் பெரும்பாலும் நேராகப் போவது இங்கேதான். இந்தப் புல்வெளியில் நரிவால் இருந்ததே கிடையாது. பழனிவேல் வந்து இரண்டு மாதத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரே வரிசையாக முளைத்திருந்தது. யாரோ கயிறு பிடித்து விதைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம் இரண்டாவது மாடி ஆன்ட்டி மேல். புறாவுக்குத் தானியம் போடுவார், அதுதான் விழுந்து முளைக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

அவரோ கைபேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டே கீழே வந்தார். புறாவுக்குத் தானியம் போடுவீங்களா என்று நயமாகத்தான் கேட்டேன். அவர் சொன்னார்: "புறாவைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டும் தம்பி. நீங்க வெட்டாம விட்டுட்டுப் போறதைத்தான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன், பாக்கறீங்களா?"

லிட்டில் இந்தியா: மூட்டை

சில நாள் பூன் லேயிலிருந்து நேராக இங்கே வருவோம். அடுத்த மாதம், ஒரு பாயின் மளிகைக் கடைப் பின்சந்துப் புல்திட்டில் அதே வரிசை. பாய் தினை விற்கிறார். தினையும் நரிவாலும் ஒரே வம்சம், கதிரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மூட்டையில் ஓட்டை இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைக்குள் போய்க் குத்துக்காலிட்டு மூட்டையின் அடியைத் தடவினேன். ஓட்டை இல்லை. நிமிர்ந்தால் பாய் நிற்கிறார்: "தினை வாங்க வர்றவங்க தினையைப் பாப்பாங்க. நீங்க சாக்கைத் தடவறீங்க. யாரு உங்களை அனுப்புனா?"

முதலாளியின் போன்

இரண்டு இடத்துப் புகாரும் முதலாளிக்குப் போய்விட்டது. நானும் யோசித்துப் பார்த்தேன். பழனிவேல் வந்தான், புல்லும் வந்தது. பழைய ஆட்கள் இரண்டு பேரும் என்னோடு பத்து வருடம் இருப்பவர்கள். பிறகு யார்? முதலாளி சுற்றி வளைக்கவில்லை: "எவனோ மேலோட்டமா வெட்டறான். யாருன்னு இன்னிக்கே எழுதி அனுப்பு. பழனிவேலுன்னா சொல்லு, அடுத்த மாசம் அவன் வேலை பெர்மிட் முடியுது, ஊருக்கு அனுப்பிடலாம்."

கேலாங்: வலை

அன்று பூன் லேயை முடித்துவிட்டு, வழக்கமான இடத்துக்குப் பதில் கேலாங்கில் ஒரு புது இடத்துக்குப் போனோம். சீப்பால் வாரிவிட்ட மாதிரி சுத்தமான புல்வெளி. லாரி நிழலில் நின்று பழனிவேல் பெயரைக் கைபேசியில் தட்டி முடித்து, அனுப்பப் போனேன். எதிரே அவனும் இன்னொருவரும் வலையைப் பிரித்தார்கள். பிரித்த வேகத்தில் காலையில் பூன் லேயில் சிக்கிய கதிர்களெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. மெஷின் இன்னும் ஓடவே இல்லை. விழுந்த கதிர் வலையின் நீளத்துக்கு ஒரே வரிசையாகக் கிடந்தது.

கைபேசியிலிருந்து விரலை எடுத்தேன். விரல் தொட்டிருந்தால் ஒருத்தன் பிழைப்பு போயிருக்கும். வெட்கத்தை மறைக்க அவன் மேலேயே பாய்ந்தேன்: இது உனக்குத் தெரியாதா, ஏன் சொல்லவில்லை? அவன் வலையைக் கீழே வைக்காமலே சொன்னான்: "முதல் வாரமே கழுவிடவான்னு கேட்டேன்ல அண்ணே. நேரமில்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதி அனுப்பினேன். முதலாளி காது கூசத் திட்டினார், ஆனால் அவனுக்குப் பெர்மிட் புதுப்பித்தாகிவிட்டது.

இப்போதெல்லாம் ஒவ்வோர் இடத்திலும் வலையை நானே கழுவுகிறேன். பழனிவேல் பக்கத்தில் நின்று, ஒழுங்காகக் கழுவுகிறேனா என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.