உட்காராத மீன்காரம்மா

எழுபதுகளில் நெம்மேலிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, பிள்ளை தரிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் நுரை மாத்திரை வாங்க ஒரு மீன்காரம்மா வருவார். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் உட்காரமாட்டார். மீன் வாடைக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்திருந்தேன்.

ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னால் மறுநாள் கட்டாயம் வந்துவிடுவார்.

ஓர் ஐப்பசியில், கூடையை இறக்கக் குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தேன். உள்ளே சிவந்து புண்ணாகியிருந்தது. அவர் உட்காராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

“தினமும் வெக்கிறியாம்மா?”

“கடலு சரியில்லன்னா கட்டுமரம் எறங்காது. எங்க வூட்டாளு நாளெல்லாம் வூட்லயே குந்திகினு கீறாரு. பகல்ல ஒரு தபா, ராவுல ஒரு தபா வெச்சிகினுதான் ஆவணும். இன்னொரு புள்ளைய இன்னா போட்டு வளக்கறது?”

ஓயாமல் இந்த மருந்து பட்டால் உள்தோல் தாங்காது, ஆறும்வரை நிறுத்து என்றேன். புருஷனுக்கென்று ஆணுறைகளைக் கொடுத்தேன். மேசைமேலேயே திருப்பி வைத்தார்.

“மருந்த நான் நிறுத்திடறேம்மா. அந்த ஆள யாரு நிறுத்தறது?”

எதையும் வாங்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை.

இன்றைக்கும் ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று ரேடியோவில் கேட்டால், வீட்டிலிருக்கும் அந்தம்மாளை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.