சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு துளை

கீழ்வீட்டின் சீலிங்கை ஒழுகவைத்து, அதன் காரையைக் கட்டிலில் விழவைத்தவன் நான். மாரிமுத்து அல்ல. நான்!

இதைச் சொல்வதற்கு எனக்கு ஆறு வருடங்கள் பிடித்தன. சொல்லிவிட்டதால் மனம் இலேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எரிகிறது. முதலில் என்மீது எரிகிறது. பிறகு, என்னைக் கெட்டிக்காரன் என்று மெச்சிய அத்தனை பேர்மீதும். இதை வாசித்து முடித்துவிட்டு, “பாவம், மனச்சாட்சியுள்ள மனிதர்” என்று நீங்கள் சொல்வீர்களானால், உங்கள்மீதும்!

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. நாங்கள் மூன்றாம் மாடி. நேர்கீழே, ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் தனியாக இருக்கிறார். மாரிமுத்து அந்தக் கட்டடத்தின் குழாய் வேலைக்காரர். கட்டடம் எழும்பிய நாளில் சுவர்களுக்குள் பைப் பதித்தவரே அவர்தான். பிறகும் பதினொரு வருடங்கள் ஐந்து மாடிகளின் தண்ணீரும் அவர் கையில்தான் இருந்தது. இளவயதில் மலையகத்தின் அற்றன் பக்கமிருந்து கொழும்புக்கு வந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

ஆனால் நான் அவரை “அவன்” என்றுதான் சொல்வேன். என் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அதில் என்ன பிழை என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவரைத்தான் விசித்திரமாகப் பார்த்திருப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் மலையகத்திலிருந்து வந்தவர்களை அப்படித்தானே பார்த்தோம்... இல்லையென்று யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்!

எனக்கு ஒரு நோய் இருந்தது. வீட்டில் எது உடைந்தாலும் நானே திருத்துவேன் என்கிற நோய். கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன் நான். மாலையில் வீடு திரும்பியதும் கைப்பேசியில் வீடியோ பார்ப்பேன். கதவின் பிணைச்சல், மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி, ஒழுகும் குழாய்க்கு வாசர்... ஒன்றொன்றாகப் பழகினேன். காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ட்ரில் மெசின் வாங்கிய அன்று, கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு மகிழவில்லை என்று மனைவி இன்றும் பகிடி பண்ணுவாள்.

கட்டடத்தில் எனக்கு “எஞ்சினியர்” என்று பட்டம். விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்து, இரண்டு முறையும் கோட்டை விட்டு, “இனி இவன் கிளாக்கர் வேலைக்குத்தான் சரி” என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லக் கேட்டு நின்றவனுக்கு, அந்தச் சொல் எத்தனை இனிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? லிப்டில் யாராவது “என்ன எஞ்சினியர், சுகமோ?” என்றால் அன்றைய சோறு தனி ருசியாக இறங்கும். அந்த ருசிக்காகத்தான் எல்லாம்.

கனடாவிலிருந்து என் மனைவியின் அக்கா வரவிருந்தார். வருவதற்கு முன்னரே வீட்டைக் காட்டு என்றார். மனைவி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். சாமியறைக்கு வந்ததும் கைப்பேசிக்குள்ளிருந்து அக்காவின் கூச்சல்.

“இஞ்சை, அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் பாத்ரூம் எல்லே? கக்கூஸ் சுவரிலையோ சாமித்தட்டு அடிச்சு வைச்சிருக்கிறியள்? அதுதான் ஒண்டும் சரிவராமக் கிடக்கு!”

அவ்வளவுதான். மனைவி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சாமித்தட்டையும் பெரிய முருகன் படத்தையும் எதிர்ச்சுவருக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. யார் மாற்றுவது? வேறு யார், எஞ்சினியர்தான்!

அந்த வாரம் எங்கள் பாத்ரூமில் மாரிமுத்து ஒரு பைப் மூட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஐயா, அந்த எதிர்ச் சுவர்ல தொளை போடுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மேல டேங்க்ல இருந்து வர்ற பைப்பு அதுக்குள்ளதான் எறங்குது. நான் கோடு போட்டுக் குடுத்திருறேன்.”

ஒரு கோடு! பென்சிலால் ஒரு நிமிட வேலை. “போடு மாரிமுத்து” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“எனக்குத் தெரியும். நீ உன்ர வேலையைப் பார்” என்றேன்.

அவன் கோடு போட்டா நான் ஆணி அடிக்க வேண்டும்? அதுதான் என் மனதில் ஓடியது. வேறொன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு துளை போட்டேன். முதல் மூன்றும் சுத்தம். நான்காவதில், படத்தைத் தாங்க வேண்டிய துளையில், சிவப்புத் தூள் வந்துகொண்டிருந்தபோது ட்ரில் சற்று வழுக்கியது. வெளியே இழுத்தேன். ஈரத்தூள். பின்னால் ஒரு கோடாகத் தண்ணீர்.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணமே தெரியும். பசை பூசிய பிளாஸ்டிக் பிளக்கைத் துளைக்குள் இறுக்கி அடித்து, ஸ்குரூவையும் முறுக்கினேன். தண்ணீர் நின்றது. நின்றதாகத் தெரிந்தது... மேலே முருகன் படத்தை மாட்டினேன். மனைவி வந்து கைகூப்பினாள். “இப்பதான் சாமியறை மாதிரி இருக்கு” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் சாமிக்குப் பின்னால் மறைத்தேன்! அதைவிடப் பாதுகாப்பான இடம் ஒரு சைவ வீட்டில் உண்டா? யார் வந்து சாமிப் படத்தை நீக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

மூன்று கிழமை கழித்து, ரீச்சர் வீட்டுச் சீலிங்கில் ஈரம் ஊறியது. முதலில் தோசையளவு. பிறகு பாயளவு. மாரிமுத்துவை அழைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்று வைத்திருப்பார். அதன் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுவருக்குள் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே கசிகிறது என்று அந்தக் காது சொல்லும். பாத்ரூமில் கேட்டார். தலையை ஆட்டினார். கூடத்தில் கேட்டார். பிறகு மெதுவாக நகர்ந்து நகர்ந்து, சாமியறை வாசலில் வந்து நின்றார். செருப்பில்லாத கால்தான். ஆனாலும் உள்ளே வைக்கவில்லை. வாசலோரச் சுவரில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார்.

“ஐயா, சத்தம் இந்தப் பக்கந்தாங்க கேக்குது. அந்தப் படத்த மட்டும் ஒருக்கா எறக்கிப் பாத்துட்டா...”

“அது சாமி இருக்கிற இடம். கண்டவையும் தொடுற இடமில்லை.”

கண்டவை! இந்த வாய்தான் சொன்னது. நீட்டிய கை அப்படியே மடங்கியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லவும் தைரியம் இருந்திருக்கும்.

“சரிங்க. அப்ப நீங்களே எறக்குங்கையா. நான் இங்கனயே நின்னு பாத்துக்கிறேன்” என்றார்.

எவ்வளவு நியாயமான மனிதர்! வழியை அடைத்த பிறகும் எனக்கு இன்னொரு வழி திறந்துவிட்டார். நான் படத்துக்கு முன்னால் போய் மறித்து நின்றேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தொளை போடுறப்ப பைப்புல பட்டிருச்சுங்களா? தப்பா நெனைக்காதீங்க. பட்டிருந்தா அரை நாள் வேலைதான், நானே பாத்துக்குவேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றார்! என் மானத்தையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வந்தார். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது என்றால் நம்புவீர்களா? இவன் யார் எனக்குப் பிச்சை போட?

“இஞ்ச பார், சாமிக்கு முன்னால நிண்டு சொல்லுறன். பைப்பில படேல்ல.”

மாரிமுத்து படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் நின்றபடியே கைகூப்பினார்.

“அப்ப சரிங்க” என்றார்.

பிறகு பாத்ரூமுக்குப் போய், தான் போட்ட, பழுதே இல்லாத பைப் மூட்டைத் தானே உடைக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தை நான் கூடத்தில் இருந்து தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒழுக்கு எப்படி நிற்கும்? இரண்டாம் நாள் காலை, ரீச்சர் தேநீர் போட எழுந்து குசினிக்குப் போன நேரத்தில், அவர் தலையணை இருந்த இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. பலகைத் துண்டு போன்ற கட்டி. ரீச்சர் கத்திய கத்தலில் ஐந்து மாடியும் ஓடிவந்தது. ஒரு நிமிடம் பிந்தி எழுந்திருந்தால்... நான் கொலைகாரன். வேறு சொல் என்னிடம் இல்லை.

அன்று மாலை கீழே வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். கட்டடக் குழுத் தலைவர் என்னைத்தான் கேட்டார்: “எஞ்சினியர், நீர் சொல்லும். என்ன நடந்தது?”

“போன மாசம் என்ர பாத்ரூமில ஜொயின்ற் போட்டவன் இவன். அதுக்குப் பிறகுதான் இந்த ஒழுக்கு.”

கவனித்தீர்களா? இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அத்தனை நேர்மையாக ஒரு மனிதனின் கழுத்தை அறுத்தேன்.

மாரிமுத்து ஒரு தூணருகே நின்றார். அவருக்குக் கதிரை போடவில்லை. “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். என் வேலையிலதான் எங்கயோ பெசகு. நான் திருப்பிப் போட்டுத் தந்திருறேங்க” என்றார். இனிக் கட்டடத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் நான்கு தொடர்மாடிகளில் அவர்தான் வேலை செய்தார். வெள்ளவத்தையில் ஒரு வாய் கதைத்தால் கிருலப்பனை வரைக்கும் கேட்கும். ஒரு மாதத்துக்குள் அங்கெல்லாம் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்... அந்தக் குதிரை நான்.

கூட்டம் நடந்த வாரத்து வெள்ளிக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போனதும் கதவைப் பூட்டினேன். தண்ணீரை அடைத்தேன். குளித்துவிட்டுத்தான் படத்தை இறக்கினேன். சிரிக்காதீர்கள்... குளித்தேன்! சுவரைக் கொத்தி, ஓட்டைப் பைப் துண்டை வெட்டி, புதுத் துண்டு பொருத்தி, சீமெந்து பூசி, ஈரம் காயுமுன்னே படத்தை மாட்டினேன். அதே கிழமை பாத்ரூமில் புதிதாக ஒருவர் மூட்டுப் போட்டதால், ஒழுக்கு நின்றது அவர் கைராசி என்று எல்லோரும் நம்பினார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அந்தச் சுவருக்குள் கிடக்கிறது. ஒருவருக்கும் காட்ட முடியவில்லை என்று அன்று எனக்குக் கவலையும் இருந்தது. பாருங்கள், எப்படிப்பட்டவன் நான்!

ரீச்சர் வடை சுட்டுக் கொண்டுவந்தார். “நீங்கள் கண்டுபிடிச்சபடியால எல்லே நான் உயிரோட இருக்கிறன்” என்றார். தின்றேன்.

போன மாதம், கனடா அக்கா கப்பலில் போட்ட பெட்டியை எடுக்க ஒருகொடவத்தைக்குப் போனேன். கொள்கலன்கள் அடுக்கிய முற்றம், அதற்கப்பால் ஒரு களஞ்சியம். இலக்கத்தைக் கொடுத்துவிட்டு நின்றேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர் மாரிமுத்து.

தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

“ஐயா, சொகமா இருக்கீங்களா? அம்மா சொகமா? அந்த டீச்சரம்மா வூட்டு ஒழுக்கு அதுக்கப்புறம் வரலைங்களே?”

“இல்லை” என்றேன். “நீ இப்ப பைப் வேலைக்குப் போறதில்லையோ?”

பெட்டியை ஓட்டோவில் இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

“இல்லைங்க. கொட்டாஞ்சேனைப் பக்கம் ரெண்டு மூணு எடத்துல கூப்பிட்டாங்க. நாந்தான் போகல. பயமாப் போச்சு. அந்தம்மா தலையில விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னைக்கு சத்தம் சாமியறைப் பக்கந்தான்னு என் காது சத்தியம் பண்ணுச்சுங்க. நீங்க சாமி முன்னாடி நின்னு சொன்னப்பறந்தான் புரிஞ்சுது, என் காது கெட்டுப்போச்சுன்னு. கெட்டுப்போன காத வச்சுக்கிட்டு இந்த வேலை செய்யக் கூடாதுங்க.”

எனக்கு வாய் இருந்தது. எதிரே அவர் நின்றார். சுற்றி எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவருமில்லை. ஐந்தே சொற்கள் போதும்: உன் காது சரி, நான்தான் பொய்.

“பழைய கட்டடம்தானே, மாரிமுத்து...” என்றேன். ஓட்டோவில் ஏறினேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது, சொக்கலேற்றுகளுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவே எனக்கென்று ஒரு புது ட்ரில் மெசின் இருந்தது. வயர் இல்லாதது. மாரிமுத்து தன் தோளில் சுமந்து வந்த பெட்டி.

ஒருகொடவத்தைக்கு எந்த பஸ் போகும் என்று எனக்குத் தெரியும். களஞ்சியம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றும் தெரியும். போகவில்லை. அதற்குப் பதிலாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என்னைக் கெட்டவன் என்று திட்டலாம். ஆனால் உங்கள் காதை நான் கெடுக்கவில்லையே!

இன்று காலை விளக்கேற்றிய பிறகு, நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, முருகன் படத்தின் ஓரமாகச் சுவரில் நுனியை வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன்.