பெரிய டீச்சருக்கு விழுந்த பாடு

பெரிய டீச்சரை வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் ஊரிலேயே மிகவும் சந்தோஷப்பட்டது நான்தான். அம்மன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அம்மன் என்னை எப்படி ஏமாற்றினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டு. வருவதும் படகில்தான், போவதும் படகில்தான். அதனால் முன்பெல்லாம் வாத்தியார்கள் காற்றடித்தால் வரமாட்டார்கள். காற்றடிக்காத நாளில், காற்றடித்துவிடுமோ என்று பயந்து வரமாட்டார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தியோடு இருந்தோம்.

அதைக் கெடுக்க வந்தவர்தான் பெரிய டீச்சர். தலைமை ஆசிரியை என்று சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை, அந்தப் பெயரே நின்றுவிட்டது. பொன்னேரியிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி, முதல் படகில் வந்து இறங்கிவிடுவார். பள்ளிக்கு ஒரு பிள்ளை வரவில்லையென்றால் நேரே கரைக்குப் போய், வலையில் நிற்கும் அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் ஊரில் வலையில் நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், மீன் கலைந்துவிடும் என்று. அதை யாரோ அவரிடம் சொன்னபோது, "அப்போ புள்ளய ஒழுங்கா அனுப்புங்க, மீன் நிம்மதியா இருக்கும்" என்றாராம்.

அதிகம் கூப்பிடப்பட்ட பெயர் என் நைனாவுடையது. காரணம் நான். இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதில் இருந்த சுகம் எனக்கு வாய்ப்பாட்டில் இல்லை. டீச்சர் தொண்டை கிழியக் கூப்பிட்ட நாட்களில் நைனா வீட்டுக்கு வந்து என் முதுகைப் பதம் பார்ப்பார். பிறகு டீச்சரையும் திட்டுவார். வழியில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டீச்சருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆண்டு விழாவுக்கு ஒருமுறை கூட்டிவந்தார். அந்தப் பெண் நாள் முழுக்க அம்மாவின் முந்தானையை விடவே இல்லை, பாயசம் குடிக்கும்போதும் இன்னொரு கையில் முந்தானை. நாங்கள் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரித்தோம். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு இப்படி என்ன பயம் என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

செய்தி வந்ததும் நைனாவும் என்னோடு சேர்ந்து சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தம்மா கத்துனா அது எனக்கும் அதுக்கும் கீற சண்ட. நடுவுல எவன் வந்து தூக்கறது? வேல செய்யற ஆளப் பாத்துத் தூக்கியடிக்கிறானுங்க" என்று கத்திவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று டீச்சர் ஆபீஸ் ஆபீஸாகச் சண்டை போட்டது எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

டீச்சர் ஏதோ சொல்லத்தான் வந்தார். "அது அப்படி இல்லீங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று கோயில் வாசலில் ஆரம்பித்தார். "நீ பயப்படாத டீச்சர், நாங்க கீறோம்" என்று நான்கு பேர் ஒரே குரலில் அடக்கிவிட்டார்கள்.

ஊர் கூடியது. சும்மா கோஷம் போட்டால் நடக்குமா, எந்த நியாயத்தை வைத்து மறிப்பது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து என் அத்தை எழுந்தாள். அத்தை பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவள். மீன் கூடையைக் கண்டால் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும். டீச்சர் மட்டும் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுப்பார். அந்தக் கடன் அவளுக்கு மனதில் இருந்தது.

எங்கள் ஊரில் ஏரியை யாரும் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ள முடியாது. வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், யாருக்கு எந்தப் பாடு விழுகிறதோ, முறை முடியும்வரை அது அவனுடையது. அங்கிருந்து அவனை எவனும் கிளப்ப முடியாது.

"பாடு வுழுந்தவன எழுப்பக் கூடாதுன்றது தானே கட்டுப்பாடு? இஸ்கூலும் ஒரு பாடு. டீச்சருக்கு வுழுந்துச்சு. அதுல கலெக்டரே வந்தாலும் வல போட முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் அத்தை.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "பொம்பளைக்கு ஏதும்மா பாடு?"

"சரி. நாளைலேர்ந்து நீயே கூடையத் தூக்கினு மார்க்கெட்டுக்குப் போ மாமா."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. எந்தப் பெண்ணுக்கும் பாடு கொடுத்திராத ஊர், அன்று கற்பூரம் ஏற்றி, ஓட்டுக் கட்டடத்தையும் ஒரு வேப்பமரத்தையும் பெரிய டீச்சரின் பாடாக அறிவித்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. புதிய தலைமை ஆசிரியர் அக்கரையில் வந்து நின்றார். ஒரு படகும் அவரை ஏற்றவில்லை. மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், மதியம் மடவை மீன் குழம்போடு சோறு போட்டார்கள். படகு மட்டும் இல்லை. "எஞ்சினு ரிப்பேரு சார்" என்றார் நைனா, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அந்த மனிதர் மறுநாளும் வந்தார். குழம்பு பிடித்துப்போயிருக்க வேண்டும்.

கடைசியில் கல்வி அதிகாரியே வந்தார். அவரை மட்டும் படகில் ஏற்றி, பள்ளி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன். அதிகாரி சட்டம் பேசினார். அரசு வேலை, அரசு உத்தரவு, படகை மறித்தால் போலீஸ் வரும் என்றார்.

நைனா எழுந்தார். ஆபீசர்களுக்கு முன்னால் கைகட்டி நிற்கிற மனிதர், அன்று கைகட்டவில்லை. "போலீசும் படகுலதானே சார் வரணும்? காட்டுப்பள்ளியில தொறமுகம் வந்தப்ப எங்கள யாரும் கேக்கல. எங்க புள்ளங்களுக்கு யாரு வேணும்னு இதயாச்சும் கேளுங்க. எங்க ஊர்ல பாடு வுழுந்த ஆள எழுப்பற வழக்கம் இல்ல. அவ்ளோதான்."

ஊரே எழுந்து நின்றது. ஒருவரும் கத்தவில்லை, நகரவுமில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமலே நானும் எழுந்து நின்றேன். என்னை முட்டிபோட வைத்த டீச்சருக்காக நிற்கிறோமே என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அதிகாரி திகைத்துப்போய் டீச்சர் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? நீங்களேதானே ரெண்டு வருஷமா மாறுதல் கேட்டு..."

"சார், டீ ஆறிப்போகுது. குடிங்க" என்றார் டீச்சர்.

அந்த டம்ளர் காலியாக இருந்தது. முதல் வரிசையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதிகாரியும் டம்ளரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்தார். டீச்சர் மெதுவாக, "எனக்குப் பாடு இங்கதான் விழுந்திருக்கு சார். நான் இங்கயே இருக்கேன்" என்றார். கரைவரை கேட்கும்படி விசில் பறந்தது.

எங்கள் ஊர் செய்தது தப்பென்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். அந்தப் பள்ளி நிலைத்தது, அதில் நான் படித்து முடித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் டீச்சரைக் கொண்டுபோய் விட்ட படகில் நானும் இருந்தேன். பாடு கிடைத்தவருக்குச் சேரவேண்டிய மீன் என்று ஊர் கொடுத்த பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நைனா பாட்டுப் பாடிக்கொண்டு படகு ஓட்டினார்.

டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசினார். "இல்லடா கண்ணு. இந்த வருஷமும் இல்ல. அம்மா வந்து சொல்றேன். அழாதடா" என்றார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பட்டுப்பாவாடை ஏதாவது கேட்டிருப்பாள், டீச்சர் மாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை வேறு ஒரு கேடா என்று, பையை இறுக்கிப் பிடித்தபடி எனக்குள் சிரித்துக்கொண்டேன்.