அட்டைச் சட்டம் மறைத்த ஓரம்

என் மனைவியை நான்தான் வெட்டிவிட்டேன் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள், கேமராவால்தான். மாமனாருக்கு எழுபது நிறைந்த விழா, மேற்குத் தாம்பரத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. அவர் அந்தக் காலத்தில் எடுத்த ஸ்லைடுகளை, அதாவது அட்டைச் சட்டத்துக்குள் ஒட்டிய பிலிம் துண்டுகளை, டிஜிட்டல் படங்களாக்கி, சொந்தக்காரர்கள் முன்னால் திரையில் ஓட்டுவது என் பொறுப்பு. சொந்தமாக டிஜிட்டல் கேமரா வைத்திருந்தாலே அப்போது வீட்டில் விஞ்ஞானி பட்டம் கிடைத்துவிடும். படுக்கவைத்த ட்யூப்லைட்டின் மேல் வெள்ளை அக்ரிலிக் தகடு, அதன்மேல் ஸ்லைடு, மேலேயிருந்து குனிந்து பார்க்கும் கேமராவின் மேக்ரோ லென்ஸ். தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் வீடு தண்டவாளத்துக்கு அடுத்த தெரு. மின்சார ரயில் போனால் தகடு நடுங்கும், படம் கலங்கிவிடும். இரண்டு ரயில்களுக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்துவேன். "என்ன மாப்பிள்ளை, போட்டோ எடுக்கறீங்களா, பிராணாயாமமா?" என்பார் நாற்காலியிலிருந்து மாமனார்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, நான் இருக்கற படம் ஒண்ணாவது ஓடணும். சின்ன வயசுல நீ எப்படிம்மா இருந்தேன்னு நம்ம பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா." படமும் அவளுக்குத் தெரியும். வண்டலூரில் ஜூ திறந்த புதிதில், கம்பி வேலிக்கு முன்னால், அக்கா பக்கத்தில், மஞ்சள் பாவாடையில் நின்றாளாம்.

ஸ்லைடுப் பெட்டி முழுக்க அவளுடைய அக்காதான். ரோஜாச் செடியோடு அக்கா, ஸ்கூட்டர் மேல் அக்கா. பக்கத்து வீட்டு நாய்கூடச் சில படங்களில் இருந்தது. மனைவி எதிலும் இல்லை. வண்டலூர் வேலிக்கு முன்னால் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் எடுத்த எதிலும் சட்டத்தின் விளிம்பே தெரியவில்லை. லென்ஸை ரொம்பக் கிட்டே வைத்து, நாலு பக்கமும் ஓரத்தைக் கத்தரித்திருக்கிறேன்! தாலியை வீட்டில் மறந்துவிட்டு மேடை ஏறிய மாப்பிள்ளைக்குக்கூட அப்படி வியர்த்திருக்காது. ஃபேனைப் போட்டால் தூசி பறக்கும் என்று அந்த வியர்வையிலேயே எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். விளிம்பு வந்தது. அவள் வரவில்லை.

வேறு வழியில்லாமல் மாமனாரிடமே கேட்டேன். "மாமா, இவ படம் எங்க?"

"ஸ்லைடு பிலிமுக்கு வெளிச்சக் கணக்கு துளி தப்பக்கூடாது மாப்பிள்ளை. பெரியவ செவப்பு, இவ கறுப்பு. ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினா, ஒண்ணு பெரியவ வெளுத்துப்போவா, இல்லேன்னா இவளுக்குப் பல்லு மட்டும்தான் தெரியும்."

எனக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது, மீதியை விழுங்கினேன். ஊரையே கிண்டல் அடிக்கிறவனுக்கு நல்ல கிண்டல் கேட்டால் வாய் தன்னால் விரிந்துவிடும், கேடுகெட்ட வாய். மனைவி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்து, "சூடு பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் பின்னாலேயே போய், இன்னும் ஓர் இடம் பார்க்கவில்லை என்றேன். பிலிமின் ஓரத்தை அட்டைச் சட்டம் மயிரிழை அளவு மறைத்திருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். வண்டலூர் ஸ்லைடின் அட்டையை பிளேடால் பிரித்து, பிலிமை மட்டும் எடுத்துத் தகட்டில் வைத்தேன். ஒரு ரயில் போய் முடிந்ததும் பொத்தானை அழுத்தினேன்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அட்டை மறைத்திருந்த அந்த ஓரத்தில் மஞ்சள் பாவாடையின் ஒரு மடிப்பு, ஒரு சின்ன முழங்கை. அந்த முழங்கையைப் பிடித்து வெளியே இழுக்கும் ஒரு கை, சிவப்பு வளையலோடு.

"நின்னேன்னு சொன்னேன்ல?" என்றாள்.

திரையில் அந்த வளையலின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அட்டையோட எடுத்ததையே போடுங்க. அம்மா மேடையில உக்காந்திருப்பாங்க, அவங்க கை தெரிய வேணாம்" என்றாள்.

மண்டபத்தில் அக்கா தனியாக நிற்கும் படம்தான் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.