வசந்தி சிஸ்டர் கையெழுத்துப் போடாத பட்டியல்

பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நகராத எரிச்சலில் இருந்தபோது வசந்தி சிஸ்டரின் மகன் போன் செய்தான். "அம்மா போயிட்டாங்க மேடம். காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கல." பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லாரையும் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவில்லை, அழுதேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் முடிச்சூர், கடலோரக் குப்பம் என்று ஒரு வீடு விடமாட்டார். பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் குழாயில் போட்டுத் தர வேண்டும். இந்தப் புற்றை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். முடிச்சூரில் ஒரு மாமியார், "எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி வியாதியெல்லாம் வராது" என்று கதவைச் சாத்தப் போனார். சிஸ்டர் அசரவில்லை. "இது ஒழுக்கத்தைப் பாத்து வர்ற வியாதி இல்லம்மா. முதல்ல நீங்க எடுங்க, அப்புறம் மருமக எடுக்கட்டும்" என்றார். அன்று அந்த வீட்டில் காப்பியும் கிடைத்தது.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆய்வை நடத்தும் டாக்டர் என்ற மிதப்பும் இருந்தது, முன்கோபமும் இருந்தது. குப்பத்து முடிவுகள் வந்துவிட்டன, அறிக்கை அனுப்ப இரண்டே நாள் பாக்கி. அப்போது பார்த்து, யார் மாதிரியை எப்போது வாங்கினோம் என்ற பட்டியலில் சிஸ்டர் கையெழுத்துப் போட மறுத்தார். தனம் என்ற மீன் வியாபாரியின் மாதிரியை, உள்ளூர்த் தொண்டர் ஒருவர் காலை பத்து மணிக்கு வீட்டில் வாங்கியதாக அதில் எழுதியிருந்தது. (தனம் தன் பெயரோடு எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.)

"பத்து மணிக்கு தனம் மார்க்கெட்ல மீன் வித்துட்டு இருக்கும் டாக்டர். வீட்ல யாரு குடுத்தாங்க?"

நான் கத்தினேன். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, நர்ஸ் வேலையை மட்டும் பாருங்கள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதுதான் டாக்டர் நர்ஸ் வேலை. யாரோடதோ ரிசல்ட்டை வெச்சுக்கிட்டு, உனக்கு ஒண்ணுமில்லன்னு தனத்துக்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை அவர் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து குப்பத்துக்குப் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தனம் வியாபாரத்துக்குப் போய்விட்டிருந்தாள். அவளுடைய ஓரகத்தி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ரேஷன் கடையிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்பது அந்தத் தெரு வழக்கம். "எனக்கும் சேத்து குட்த்துடு" என்று தனம் சொல்லிவிட்டுப் போக, அந்த நல்ல மனுஷி இரண்டு குழாயிலும் தன்னுடையதையே போட்டுத் தந்திருக்கிறாள். எங்கள் தாளில் தனத்துக்கு ஒன்றுமில்லை.

தெரு முழுவதற்கும் மறுபடி எடுத்தோம். அறிக்கை தாமதமானது. தனம் தானே எடுத்துக் கொடுத்த மாதிரியில் கிருமி இருந்தது. மேலும் பரிசோதித்தபோது, புற்றாகும் முன்பு வரும் மாற்றம் தொடங்கியிருப்பது தெரிந்தது. அந்தக் கட்டத்தில் சின்னச் சிகிச்சையே போதும், அதோடு சரியானது. சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வருடங்கள்தான் போயின.

துக்க வீட்டில் மாலையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். தனம் என்றாள். அதுவரை நான் அவளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். சிஸ்டரோடு வேலை பார்த்த டாக்டர் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். உற்றுப் பார்த்தாள்.

"கத்துற டாக்டரம்மா நீங்கதானா? அக்கா சொல்லிக்கினே இருக்கும். அவங்க கத்துவாங்க தனம், ஆனா மறுநாள் காலைல நம்ம கூட வந்து நிப்பாங்கன்னு."

நான் கேட்காத மன்னிப்பை அவர் எப்போதோ கொடுத்துவிட்டிருக்கிறார். எனக்கென்று அவர் விட்டுப்போனது, ஊருக்குள் சொல்லி வைத்த அந்தப் பெயர்தான். கத்துவதை நிறுத்துவேனா, தெரியாது. மறுநாள் காலை போய் நிற்பதை மட்டும் விடமாட்டேன்.