இரண்டு சாவிகளில் ஒன்று

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சுருக்குப்பையில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி கிடக்கிறது. அது திறக்கிற பெட்டி எங்கே இருக்கிறதோ தெரியாது.

பல்லடம் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை எனக்கு. சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் நெய்வார்கள். ஒரு வருடம் ஆர்டர் இல்லாமல் பாதித் தறிகள் நின்றுபோயின. அப்போதுதான் எங்கள் முதலாளி, கோயமுத்தூர்த் தொழில்காரர்களோடு ஒரு வியாபாரக் குழுவில் சேர்ந்து வெளிநாடு புறப்பட்டார். அங்கே துணியைக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். முடிந்தால் புதுத் தறிக்குப் பணம் போட ஒரு கூட்டாளியையும் பிடிக்க வேண்டும். சாம்பிள் துணிகளை மூன்று நாள் தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கிப் பூட்டியவள் நான்தான்.

புறப்படுகிற காலையில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். புருஷனை இழந்தவள் பயணத்துக்கு எதிரே வரக்கூடாது. யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்டபோதுதான் இடுப்பில் செருகியிருந்த சாவி உறுத்தியது. ஓடிப்போய்க் கொடுத்தால் எதிரே வந்தவள் ஆவேன். கொடுக்காவிட்டால் பெட்டி திறக்காது. யோசித்துக்கொண்டே மூட்டைக்குப் பின்னால் நின்றேன். கார் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் திரும்பியும் வந்தது. "கெளம்புன வண்டியத் திருப்பிப்போட்டீங்களேக்கா, இனி ஆர்டர் வந்த மாதிரிதான்!" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி அவரைத் தாண்டி மூட்டைகளிடம் வந்தார்.

"ஏன் அம்மணி, சாவிய நீ வெச்சுக்கிட்டா, நான் அங்க போயிப் பூட்டையா காட்டறது?"

"நான் எதுக்க வரக்கூடாதுங்களே..."

"நீ வர வேண்டாம். நாந்தான் வந்துட்டனே. குடு."

வளையத்தில் இரண்டு சாவிகள். ஒன்றைக் கழற்றி என் கையிலேயே வைத்தார். "அடுத்த தடவையும் நீதான் அடுக்கோணும்."

அந்தப் பயணத்திலிருந்து வெறுங்கையோடுதான் திரும்பினார். நாலைந்து மாதம் எல்லோர் கண்ணும் என் மேல்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூடத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். பிறகு அங்கே துணியைப் பார்த்தவர்களே ஆள் அனுப்பினார்கள். ஆர்டர் வந்தது, புதுத் தறிக்குப் பணமும் வந்தது. ஆர்டர் வராதபோது என்னைப் பார்த்தவர்கள், வந்தபோது பார்க்கவில்லை. முதலாளி மட்டும், புதுத் தறியில் முதலில் இறங்கிய துண்டை நான்தான் மடிக்க வேண்டும் என்று காத்திருந்தார்.

அடுத்த பயணத்துக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகள் அதே மாதிரிக் குழுக்களில் போய்வருகிறார். அவர் பெட்டிக்குச் சாவியே கிடையாதாம், எண் பூட்டு. யாரும் யாருக்காகவும் திரும்பி வர வேண்டியதில்லை. என் ஒற்றை அறையிலிருந்து அவர் கார் போகிற சத்தம் கேட்கும். அன்றைக்கெல்லாம் இந்தச் சாவியைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பேன்.

முதலாளி போன நாட்டின் பெயரை எழுத நினைத்தேன், நினைவுக்கு வரவில்லை. புதுத் தறி எத்தனை என்பதும் சரியாகத் தெரியவில்லை. யாராவது அவர் மகளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். நானே போய்க் கேட்கலாம்தான். அவர் புறப்படுகிற நேரமாக இருந்துவிட்டால்?